வரலாறு படிக்கலாமா? பி.ஏ. முதல் பிஎச்.டி. வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். சொந்தக்காரர்கள், பழைய மாணவர்களின் தம்பி தங்கைகள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று யாராவது வரலாற்றுப் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். நான் அரசுக் கல்லூரி ஒன்றில் தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு படித்து, எம்.ஏ., பிஎச்.டி. என்று போய், இப்போது அதே பாடத்தை நடத்துகிறேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். சொல்வதெல்லாம் பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலவரம். கட்டணம், கடைசித் தேதி போன்றவை வருடா வருடம் மாறும் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை.

"ப்ளஸ் டூவுல பயாலஜி குரூப். வரலாறே எடுக்கல. பி.ஏ. வரலாறு கிடைக்குமாக்கா?"

கிடைக்கும். பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பிரிவில் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். சில இடங்களில் வரலாறு படித்தவர்களுக்கு முன்னுரிமை தருவார்கள், அவ்வளவுதான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இளநிலைக்கான அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

என் வகுப்பில் நன்றாகப் படித்த சிலர் அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள். 'ஆதாரம் எங்கே?' என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது.

"மூணு வருஷம் என்னதான் சொல்லித் தருவாங்க? ராஜா பேரும் வருஷமும் மனப்பாடம் பண்றதுதானே?"

பாடத்திட்டத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இந்திய வரலாறு, தமிழக வரலாறு, ஐரோப்பிய வரலாறு, நவீன உலகம், கொஞ்சம் தொல்லியல், கொஞ்சம் அரசியல் அமைப்பு என்று ஆறு பருவத்துக்கும் பட்டியல் நீளும். வருடங்களை நினைவில் வைக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் எது முன், எது பின் என்றே தெரியாது. ஆனால் வருடம் தெரிந்த பிறகுதான் பாடம் தொடங்குகிறது.

ஒரு உதாரணம். உத்திரமேரூர்க் கல்வெட்டு பள்ளிப் பாடத்திலேயே வரும். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள், ஆயிரம் வருடத்துக்கு முன்பே நமக்கு ஜனநாயகம் இருந்தது என்று படித்திருப்போம். கல்லூரியில் அதே கல்வெட்டின் வாசகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பது வேறு: யார் பெயரை ஓலையில் எழுதலாம்? கல்வெட்டே பதில் சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வி வேண்டும். கூடுதலாகப் படித்தவருக்கு நில அளவில் மட்டும் சலுகை உண்டு. இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. அந்த ஊரில் உழுதவர்களின் பெயரோ பெண்களின் பெயரோ குடத்துக்குள் போகவே இல்லை. அதே சமயம், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்றும் அதே கல்லில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு எழும்.

ஆக, 'ஜனநாயகம் இருந்தது' என்பதும் சரியில்லை, 'எல்லாம் பொய்' என்பதும் சரியில்லை. யாருக்குள் இருந்தது, எதற்காக அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், இந்த ஒரு ஊரை வைத்துச் சோழ நாடு முழுவதையும் பேசலாமா? மூன்று வருடமும் நீங்கள் பழகுவது இந்தக் கேள்விகளைத்தான். கீழே பல பதில்களில் இந்தக் குடத்துக்குத் திரும்பி வருவேன்.

"தமிழ் வழியா, ஆங்கில வழியா? எதுல சேர்றது?"

தமிழ் வழிக்கு ஒரு நேரடிப் பலன் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010லிருந்து இருக்கிறது. ஆனால் 2020இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். பள்ளியை ஆங்கில வழியில் முடித்துவிட்டு, இந்த ஒதுக்கீட்டுக்காகக் கல்லூரியில் தமிழ் வழிக்கு மாறுபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். பலன் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலம். எம்.ஏ. முதல் வருடத்தில் நான் ஒரு கட்டுரையின் இரண்டு பக்கத்தைப் படிக்க ஒரு மாலை முழுவதும் அகராதியோடு உட்கார்ந்திருக்கிறேன். தமிழ் வழியில் சேருங்கள், தயங்க வேண்டாம். ஆனால் முதல் வருடத்திலிருந்தே தினமும் ஒரு பக்கமாவது ஆங்கிலத்தில் வரலாறு படியுங்கள். ஆங்கில வழியில் சேர்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: பழைய தமிழ் படிக்கத் தெரியாமல் தமிழக வரலாற்றில் ரொம்ப தூரம் போக முடியாது.

"மேடம், நேராவே கேக்கறேன். வரலாறு படிச்சா என் பையனுக்கு வேலை கிடைக்குமா?"

பி.ஏ. முடித்த கையோடு 'வரலாற்றாளர் தேவை' என்று யாரும் அழைக்கப் போவதில்லை. பி.ஏ. என்பது பல கதவுகளுக்கு நுழைவுச் சீட்டு. ஒவ்வொரு கதவிலும் இன்னொரு படிப்போ தேர்வோ காத்திருக்கும்.

ஆசிரியர் வேலைதான் பழைய, நம்பகமான வழி. பி.ஏ., அப்புறம் இரண்டு வருட பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் என்றால் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வு. கல்லூரி ஆசிரியர் ஆக எம்.ஏ.வும், நெட் அல்லது அதன் மாநில வடிவமான செட்டும் வேண்டும். இது தவிர அருங்காட்சியகம், தொல்லியல், ஆவணக் காப்பகம், நூலகம் (இதற்குத் தனியாக நூலக அறிவியல் படிக்க வேண்டும்), சுற்றுலா வழிகாட்டி, பத்திரிகை, சட்டப் படிப்பு என்று கிளைகள் உண்டு. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும். அதை மட்டுமே நம்பி உட்காராதீர்கள்.

"டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சிக்கு இது உதவுமா? அதுக்காகவே சேரலாமா?"

உதவும். டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் இந்திய வரலாறு, தேசிய இயக்கம், தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு எல்லாம் இருக்கின்றன. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால் தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள். முதல் தாளில் வரைபடத்தில் 20 இடங்களை அடையாளம் சொல்லும் கேள்விக்கே 50 மதிப்பெண். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதவும் வழி உண்டு.

அதற்காக மட்டுமே சேர்பவர்களிடம் ஒரு சிக்கலைப் பார்க்கிறேன். போட்டித் தேர்வு ஒரே சரியான விடையைக் கேட்கும், வகுப்பு அந்த விடையையே சந்தேகப்படச் சொல்லும். குடவோலை பற்றிய கேள்விக்குப் போட்டித் தேர்வில் 'உத்திரமேரூர்' என்று குறித்துவிட்டு நகர வேண்டும். இரண்டையும் தனித்தனியாக மண்டையில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் நன்றாகவே வருகிறார்கள்.

"எனக்குக் கீழடி மாதிரி இடத்துல தோண்டணும். வரலாறும் தொல்லியலும் ஒண்ணுதானே?"

பக்கத்து வீடுகள், ஒரே வீடல்ல. வரலாற்றாளர் பெரும்பாலும் எழுத்தில் கிடைப்பதை வைத்து வேலை செய்வார். தொல்லியலாளருக்கு மண் அடுக்கு, பானை ஓடு, கரித்துண்டு, எலும்பு. அளவெடுத்துக் குழி போடவும், அடுக்கு அடுக்காகப் பதிவு செய்யவும், வரையவும் கற்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்கத் தூரிகையோடு குத்துக்காலிட்டு உட்காரவும் தயாராக இருக்க வேண்டும்.

பி.ஏ. வரலாறு முடித்து எம்.ஏ.வில் தொல்லியல் பக்கம் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொன்மை வரலாறும் தொல்லியலும் சேர்ந்த துறை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் உண்டு. எம்.ஏ.வுக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் நிறுவனத்தில் இரண்டு வருட முதுநிலைப் பட்டயம் படிக்கலாம், அதற்கு உதவித்தொகையும் உண்டு. மத்தியத் தொல்லியல் துறைக்கும் நொய்டா பக்கம் இதே மாதிரி ஒரு நிறுவனம் இருக்கிறது. 2020இல் அதன் அறிவிப்பில் தகுதியுள்ள மொழிகளில் தமிழைக் காணோம். எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்த்தார்கள்.

"எம்.ஏ.வை இதே காலேஜ்லயே படிச்சுடவா, வெளிய போகவா?"

வீட்டுச் சூழல் அனுமதித்தால் வெளியே போங்கள். உங்கள் கல்லூரி மோசம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே ஆசிரியர்களிடம் ஐந்து வருடம் படித்தால், அவர்கள் கேட்கும் கேள்விகளை மட்டும்தான் நீங்களும் கேட்பீர்கள். சென்னை, மதுரை, திருச்சி, புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி என்று எங்கே போனாலும் முதலில் இரண்டு விஷயம் பாருங்கள்: நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, அங்கே இருக்கும் ஆசிரியர்கள் கடைசியாக எதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு முதுநிலை சியுஇடி எழுத வேண்டும்.

வெளியே போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். விடுமுறையில் பத்து நாள் சென்னையில் தங்கி நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்தாலே பாதிக் குறை தீரும். எங்கே போவது என்பதை ஆவணக் காப்பகம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"தபால்ல எம்.ஏ. படிச்சா மதிப்பு உண்டா?"

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டம் செல்லும். சேரும் வருடத்தில், அந்தப் பாடத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் வரலாற்றுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நேரடி வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையும் அவற்றைப் படிக்கச் சொல்வேன். குறை என்னவென்றால், வகுப்பில் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிப் பேசும் வாய்ப்பு இதில் இருக்காது.

"எம்.ஏ.ல 'வரலாற்றுவரைவியல்'னு ஒரு பேப்பர். ஒண்ணுமே புரியல. இது எதுக்கு?"

எல்லோரும் பயப்படும் தாள் இதுதான். வரலாறு எப்படி எழுதப்பட்டு வந்திருக்கிறது என்பதன் வரலாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடத்துக்கே திரும்புவோம். கல்வெட்டு மாறவில்லை. படித்தவர்கள் மாறினார்கள்.

1930களில் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சோழர்களைப் பற்றி எழுதியபோது, வலிமையான மன்னர், ஒழுங்கான அதிகார அமைப்பு, கூடவே துடிப்பான ஊர்ச் சபைகள் என்று ஒரு சித்திரம் கிடைத்தது. நாடு அந்நியர் ஆட்சியில் இருந்த காலத்தில் அந்தச் சித்திரத்துக்கு ஒரு தேவையும் இருந்தது. 1980இல் அமெரிக்கரான பர்ட்டன் ஸ்டைன், மன்னரின் நேரடிப் பிடி காவிரிப் பகுதி போன்ற சில இடங்களில்தான், மற்ற இடங்களில் 'நாடு' என்ற உழவர் வட்டாரங்கள் தம் போக்கில் இயங்கின, மன்னருக்குச் சடங்கு முறையிலான தலைமை மட்டுமே இருந்தது என்று வாதிட்டார். ஜப்பானியரான நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் வேறு வழியில் போனார்கள். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் வரிச் சொற்கள், பட்டப் பெயர்கள், நில விற்பனைகள் எல்லாவற்றையும் எண்ணினார்கள், ஊர்களை வரைபடத்தில் குறித்தார்கள். வரித் துறை போன்ற அமைப்புகள் இருந்ததும், காலத்துக்குக் காலம் நிலைமை மாறியதும் அதில் தெரியவந்தன.

மூன்று தரப்புக்கும் ஏறக்குறைய அதே கற்கள்தான். இப்போது அந்தத் தாளை எடுத்து மறுபடி படித்துப் பாருங்கள்.

"எம்.ஃபில். சேரலாமா?"

வேண்டாம். எம்.ஏ.வுக்கும் பிஎச்.டி.க்கும் நடுவே இருந்த இந்த ஆய்வுப் பட்டம் யுஜிசியின் 2022 விதிமுறையோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன் வாங்கிய பட்டம் செல்லும். இப்போது யாராவது 'சீட் இருக்கு' என்றால் பணம் கட்டிவிடாதீர்கள்.

"நெட், ஜேஆர்எஃப், செட்… மூணும் ஒண்ணா வேறவேறயா?"

நெட் தேசிய அளவிலான தகுதித் தேர்வு. முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். வரலாற்றுத் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் விடாதீர்கள். அதே தேர்வில் மேல் வரிசையில் வருபவர்களுக்கு ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை. பிஎச்.டி. செய்யும்போது முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கூடவே வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஜேஆர்எஃபுக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பே கிடையாது. செட் என்பது மாநில அளவில் நடப்பது. அந்தந்த மாநிலத்துக் கல்லூரிகளுக்குச் செல்லும்.

2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி.யிலும் சேரலாம். நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம் எடை. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்களின் மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

"காலேஜ்ல வேலை பாக்க பிஎச்.டி. கட்டாயமா?"

உதவிப் பேராசிரியர் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட் அல்லது செட்தான், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023 ஜூலையில் யுஜிசி அறிவித்தது. ஆனால் போட்டியில் உங்களுக்கு முன்னால் நிற்பவரிடம் இரண்டும் இருக்கும். எனவே வேலைக்காக என்றால் முதலில் நெட். பிஎச்.டி.யைக் கேள்வி ஒன்று மனதைக் குடையும்போது தொடங்குங்கள்.

"பிஎச்.டி.க்கு என்ன தகுதி? எத்தனை வருஷம் ஆகும்?"

எம்.ஏ.வில் 55 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. நான்கு வருட இளநிலைப் படிப்பு முடித்தவர் 75 சதவீதம் வைத்திருந்தால் எம்.ஏ. இல்லாமலும் சேரலாம். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு வருடத் தளர்வு தருகிறார்கள். பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. ஆராய்ச்சி நெறிமுறை, ஆய்வு அறம் போன்றவற்றைப் பாடமாகப் படித்துத் தேற வேண்டும்.

நடைமுறையில் வரலாற்றில் மூன்று வருடத்தில் முடித்தவர்கள் குறைவு. ஆவணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒன்றரை வருடம் ஓடிவிடும்.

"தலைப்பு என்ன எடுக்கறது? நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்."

சொல்ல மாட்டேன். ஆனால் தலைப்பு எப்படிக் கெட்டுப்போகிறது என்று சொல்கிறேன். 'தஞ்சை மாவட்டத்தின் சமூகப் பொருளாதார வரலாறு, ஓர் ஆய்வு' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இதில் கேள்வியே இல்லை, ஒரு மாவட்டத்தின் பெயர்தான் இருக்கிறது. 'மேட்டூர் அணை 1934இல் திறந்த பிறகு, டெல்டாவின் கடைமடை ஊர்களில் தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டைகள் எப்படி மாறின?' என்றால் அதில் ஒரு கேள்வி இருக்கிறது, காலம் இருக்கிறது, எந்தத் துறைக் கோப்பைத் தேட வேண்டும் என்பதும் இருக்கிறது.

தலைப்பு முடிவாகும் முன் மூன்றைச் சோதியுங்கள். ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா? சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஏராளமாக இருக்கின்றன, ஒரு வாரம் உட்கார்ந்து தேடுங்கள். இரண்டாவது, ஆவணம் எங்கே இருக்கிறது, உங்களால் அங்கே போய்த் தங்க முடியுமா? மூன்றாவது, அதன் மொழி உங்களுக்குத் தெரியுமா? தஞ்சை மராத்தியர் காலத்தைத் தொட்டால், மராத்தியை எழுதப் பயன்பட்ட 'மோடி' என்ற பழைய எழுத்து வரும். நாகப்பட்டினம், பழவேற்காடு என்றால் டச்சு வரும். கற்க முடியாத மொழிகள் அல்ல, ஆனால் அதற்கும் ஒரு வருடத்தை ஒதுக்க வேண்டும்.

"கைடு பெரிய பேரா இருக்கணுமா?"

பெரிய பெயரைவிட, கொடுத்த அத்தியாயத்தைப் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறவர் முக்கியம். அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்களிடம் தனியாக ஒரு டீ குடித்துக்கொண்டே விசாரியுங்கள். இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்: பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வழிநடத்தலாம். காய்கறி வாங்கிவரச் சொல்லும் நெறியாளர்கள் கதையில் மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருடம் அப்படிக் கழித்துவிட்டு நெறியாளரை மாற்றிக்கொண்டார். மாற்ற விதியில் இடம் உண்டு.

"ஆவணக் காப்பகத்துக்குப் போனா முதல்ல என்ன பண்ணணும்?"

துறைத் தலைவரிடம் அறிமுகக் கடிதமும், அடையாள அட்டையும், பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவை உள்ளே விடாத இடங்கள் உண்டு. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலம் முதல் காகிதங்கள் இருக்கின்றன. முதலில் அட்டவணைத் தொகுதியில் பொருளைத் தேடி, கோப்பின் எண், துறை, தேதி ஆகியவற்றைக் குறித்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தக் காப்பகத்திலும் முதல் மூன்று நாள் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. பயப்படாதீர்கள். அந்தக் காலத்துக் குமாஸ்தா நீங்கள் தேடும் விஷயத்தை எந்தத் தலைப்பில் வைத்திருப்பார் என்று யோசிக்கப் பழகும் வரை அப்படித்தான். பஞ்சத்தைத் தேடிப் போனால் விவரம் ரயில்வே கோப்பில் இருக்கும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கன்னிமாரா நூலகம். பழைய தமிழ்ப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சுவடிகளுக்கு பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரஸ்வதி மகால். ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளமும் உண்டு.

நான் தடுக்கி விழுந்த ஒரு இடத்தையும் சொல்கிறேன். வருவாய் ஆவணங்களில் ஆண்டு பெரும்பாலும் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம், ஜூலை முதல் ஜூன் வரை. பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன். இதைக் கவனிக்காமல் ஒரு அத்தியாயம் முழுவதும் ஒரு வருடம் தள்ளிக் கணக்குப் போட்டு, மறுபடி எழுதினேன். தென் மாவட்டங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) வந்தால் 825 அல்லது 824 கூட்டவும். சக ஆண்டுக்கு 78. கல்வெட்டிலும் ஓலையிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் இருக்காது. இதெல்லாம் பழகினால் வந்துவிடும்.

"பேங்க்ல வேலை பாக்கறேன். பகுதி நேரமா பிஎச்.டி. பண்ணலாமா? தபால்ல உண்டா?"

பகுதி நேரம் உண்டு. அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும், பாட வகுப்புகளுக்கு விடுப்புத் தருவோம் என்றும் அதில் இருக்க வேண்டும். தொலைநிலையிலோ இணைய வழியிலோ பிஎச்.டி. தர யுஜிசி அனுமதி இல்லை. காப்பகங்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும் என்பதை யோசித்துத் தலைப்பை வையுங்கள். அச்சில் வந்த கல்வெட்டுத் தொகுதிகளையோ பழைய பத்திரிகைகளின் மின்படங்களையோ வைத்துச் செய்யும் ஆய்வு உங்களுக்குப் பொருந்தும்.

"பேப்பர் போட்டுத் தர்றோம், ஆய்வேடு எழுதித் தர்றோம்னு ஆள் வர்றாங்களே? ஏஐ வச்சு எழுதினா என்ன?"

ஆய்வேட்டை மென்பொருளில் போட்டு ஒப்புமை பார்ப்பார்கள். 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை, அதற்கு மேல் போனால் திருத்தி மீண்டும் கொடுப்பதில் தொடங்கி, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை 2022 விதிமுறை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியாகக் கேட்கலாம். யுஜிசி நடத்திவந்த ஆய்விதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு நான்கு நாளில் வெளியிடும் இதழைத் தவிர்ப்பது இப்போது உங்கள் பொறுப்பு.

ஏஐயைப் பற்றி: ஒரு மாணவர் கொடுத்த கட்டுரையில் அழகான கல்வெட்டு மேற்கோள், ஆண்டறிக்கை எண்ணோடு இருந்தது. தொகுதியை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணில் வேறு ஊர், வேறு மன்னன். அவரும் பார்க்கவில்லை, அதுவும் பார்க்கவில்லை.

"ஆய்வேட்டைத் தமிழ்லயே எழுதலாமா?"

தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் எழுதலாம். மற்ற இடங்களில் விதி மாறுபடும், சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி மூன்றாம் வருடத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

"எங்க சமுதாயத்தோட வரலாற்றை எழுதணும். நாங்க ஆண்ட பரம்பரைன்னு நிரூபிக்கணும். பண்ணலாமா?"

முதல் பாதியைச் செய்யலாம். இரண்டாவது பாதியை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் அதற்கு ஒத்துவருவது மட்டும்தான் கண்ணில் படும். கோபப்படாமல் இதைக் கேளுங்கள்: 'ஆண்ட பரம்பரை' என்ற பேச்சே எப்போது, யாரால், எதற்காகத் தொடங்கியது? 1901 மக்கள் கணக்கெடுப்பில் சாதிகளைச் சமூக மதிப்பு வரிசையில் அடுக்க முயன்றார்கள். தங்களை மேலே வைக்கச் சொல்லிப் பல சாதியினர் மனுக் கொடுத்தார்கள். அந்த மனுக்களே அருமையான ஆய்வுப் பொருள்.

வீட்டில் இருக்கும் செப்பேட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பாதுகாத்து வையுங்கள், படமெடுங்கள். ஆனால் போலிச் செப்பேடுகள் உண்டு என்று கல்வெட்டறிஞர்கள் நெடுங்காலமாகக் காட்டி வந்திருக்கிறார்கள். எழுத்தின் காலமும் அதில் சொல்லும் காலமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். போலி என்று தெரிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ஏன் அதைச் செய்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. உத்திரமேரூரில் கேட்ட கேள்விதான் இங்கேயும்: இதை எதற்காக வெட்டி வைத்தார்கள்?

"பாட்டிகிட்ட கேட்டு எழுதினா அது ஆதாரமாகுமா?"

ஆகும். தேதி, இடம், சொன்னவர் விவரம், யார் கேட்டது எல்லாம் பதிவாக வேண்டும், அவருடைய சம்மதமும் வேண்டும். பாட்டி வருடத்தைத் தவறாகச் சொல்லலாம், 'புயல் அடிச்ச வருஷம்' என்பார். அதைக் காகித ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். காகிதத்தை மட்டும் நம்பவும் முடியாது. கலெக்டர் எழுதிய அறிக்கையில் ஒரு குடியானவரின் பேச்சு வந்து சேர்வதற்குள் கணக்குப்பிள்ளை, தாசில்தார், மொழிபெயர்த்தவர் என்று எத்தனை கை மாறியிருக்கும்! குடத்துக்குள் போகாத பெயர்களைத் தேடுபவர்களுக்குப் பாட்டிகள் ரொம்ப முக்கியம்.

"எனக்கு 41 வயசு. பையன் காலேஜ் போறான். இப்ப எம்.ஏ. சேர்ந்தா சிரிப்பாங்களா?"

சிரிப்பார்கள், முதல் வாரம். அப்புறம் குறிப்பு நோட்டைக் கடன் கேட்டு வருவார்கள். எம்.ஏ.வில் சேர வயது பொதுவாகத் தடையில்லை. நெட் தகுதிக்கும் இல்லை என்று மேலே சொன்னேன். ஜேஆர்எஃப் உதவித்தொகை மட்டும் கிடைக்காது, பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கைக்காசுதான். போன வருடம் ஒரு அம்மா 44 வயதில் எங்கள் வகுப்பில் சேர்ந்தார். அவர் மாமனார் கர்ணமாக, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையாக, இருந்தவராம். வீட்டுப் பரணிலிருந்து ஒரு பை நிறைய பழைய கணக்குக் காகிதங்களைக் கொண்டுவந்தார். பசலி கணக்கை எனக்கு முன்னால் அவரே கூட்டிவிட்டார்.